கடல் இறங்கிய வழி

பினாங்கில் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதியைத் தருவது சுங்கை மூடா. கடல் ஏறி இறங்கியபோதெல்லாம் இப்படிப்பட்ட ஆறுகளும் மாறின.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. பினாங்கு அப்போது தீவே இல்லை! பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. கடல் ஏறினால் முகத்துவாரத்தில் ஆற்றின் வேகம் தளரும், வண்டலை அங்கேயே இறக்கிவிடும். கடல் இறங்கினால் ஆறு அந்த வண்டலையே அறுத்துக்கொண்டு கீழே போகும். பழைய படுகை கரையோரம் படிக்கட்டுபோல மேட்டுத் தளமாக நிற்கும்.

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயரம். சாட்சி, செபராங் பிறை வடக்கில் உள்ள குவார் கெப்பா. இன்று அது கடலோரம் இல்லை, உள்நாட்டு ஊர். ஆனால் கற்கால மக்கள் தின்று குவித்த சிப்பி மேடுகள் அங்கேதான் இருந்தன. 2017-இல் கிடைத்த 'பினாங்குப் பெண்' எலும்புக்கூடும் அங்கிருந்துதான். மேடுகளில் பெரும்பகுதி சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டுப் போனது பெரிய இழப்பு.

கெப்பாலா பத்தாஸ் பக்கம் போகும்போது, பிள்ளைகளுக்கு இந்த இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.