பிள்ளைகளுக்காகக் களஞ்சியம் தொகுத்த ஆசிரியர்

(யூபிலி ஆண்டு ஆசிரியர் விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஆசிரியர்களுக்கு மாலையிடும் இந்த நாளில் ஓர் ஆசிரியரின் வாழ்க்கையைச் சொல்ல விழைகிறோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். பெரியசாமித் தூரன் என்பது பெயர். கச்சேரிகளில் அவருடைய கீர்த்தனைகளைக் கேட்டவர்கள் உங்களில் இருக்கலாம்; நாம் பேச வந்தது வாத்தியார் தூரனைப் பற்றி.

ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் 1908-ல் பிறந்தார். சென்னையில் கல்லூரிப் படிப்பு. 1931-ல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது மனம் பொறாமல் பட்டத் தேர்வையே எழுதாமல் விட்டுவிட்டார். பிறகு கோபிசெட்டிபாளையத்திலும், கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் ஆசிரியப் பணி. பிரம்பில்லாத வகுப்பை எவரும் எண்ணிப் பாராத அந்தக் காலத்தில், பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். 'குழந்தை உள்ளம்', 'தாழ்வு மனப்பான்மை' போன்ற நூல்களை எளிய தமிழில் எழுதினார். சிறுவர்களுக்கு 'மாயக்கள்ளன்', 'கொல்லிமலைக் குள்ளன்' முதலிய கதைகளும் தந்தார்.

அவினாசிலிங்கம் அவர்கள் 1946-ல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் வெளியிட முற்பட்டபோது, முதன்மை ஆசிரியர் பொறுப்பு தூரனுக்கு வந்தது. முதல் தொகுதி 1954-ல்; பத்தாவது 1968-ல். அவ்வாண்டு அவருக்குப் பத்மபூஷண் விருதும் கிடைத்தது. வயது அறுபது. இனி ஓய்வு என்று சொல்லியிருந்தால் யார் குறை கூறுவார்கள்? ஆனால் அதே 1968-ல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. 1976-க்குள் அதிலும் பத்துத் தொகுதிகள்!

முந்தையதைவிட இதுவே கடினமான வேலை என்பது நம் எண்ணம். அறிஞருக்கு எழுதும்போது ஒரு கலைச்சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பத்து வயதுப் பிள்ளை 'அப்படியென்றால்?' என்று கேட்குமே! மறைக்கல்வி வகுப்பில் நமக்கும் அது நாள்தோறும் நேர்வதுதான்.

இதை ஏன் இங்கே சொல்லுகிறோம்? பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையில் தண்ணீரும் பொரியும் விற்கும் நம் பிள்ளைகள் சிலர் மறுநாள் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள். பெற்றோரைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை, அடுப்பெரிய வேண்டுமே. ஆயினும் 'இவனுக்கெல்லாம் எங்கே ஏறப்போகிறது?' என்று ஓர் ஆசிரியர் சொல்லக் கேட்டு வருந்தினோம். பிள்ளைக்குப் புரியவில்லையென்றால் சொல்லுகிற விதத்தை மாற்று என்பதல்லவா தூரன் வாழ்ந்து காட்டிய முறை?

1987-ல் அவர் காலமானார். நம் வாசகசாலைக் கண்ணாடி அலமாரியில் அந்தப் பத்துத் தொகுதிகளும் இருக்கின்றன. சில செய்திகள் பழையனவாகிவிட்டன. அவை அச்சான நாளில் நம் ஊரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, 1989-ல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆனால் விளக்கிச் சொல்லும் தமிழ் பழையதாகவில்லை. பூட்டிய அலமாரியில் அது யாருக்குப் பயன்? வரும் சனிக்கிழமை முதல் மாலை நான்கு மணிக்கு அலமாரி திறந்திருக்கும். சாவி உபதேசியாரிடம். கை கழுவிவிட்டு வந்தால் போதும், எந்தப் பிள்ளையும் எடுத்துப் படிக்கலாம்.