பரணில் தூங்கும் வாக்மேன்



1979-இல் வந்தது சோனி வாக்மேன். அந்த வகை கேசட் பிளேயர் பல வீட்டுப் பரணில் இன்னும் தூங்குகிறது. ஓடலேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. பிளே பட்டனை அமுக்கிக் காதில் வையுங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் டேப் சுற்றவில்லையா? பெரும்பாலும் ரப்பர் பெல்ட்தான் காரணம். தொய்ந்திருக்கும், இல்லேன்னா தார் மாதிரி உருகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அதே அளவில் புது பெல்ட் மாட்டுங்கள். சத்தமே இல்லையென்றால், பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள்.

ஆனால், ஓடியதும் அருமையான கேசட்டைப் போட்டுடாதீங்க. நான் போட்டேன். பிசுபிசுத்த ரோலர் டேப்பை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும், ஒரு முழம் கசங்கினால் சுமார் 10 நொடி. அந்த 10 நொடியில்தான் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

ரோலரைத் துடைத்து, போனால் போகட்டும் என்கிற கேசட்டில் முதலில் சோதியுங்கள்.