சீருடை அணிந்த கூத்தாடி



நம் வீட்டுப் பிள்ளை ஆட்டம், பாட்டு என்று கிளம்பினால் பெரியவர்கள் ஒரு சொல்லை எடுத்து வீசுவார்கள்: கூத்தாடி! ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைப்பவர்களை அந்த ஒரே சொல்லில் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். நான் இன்று பேச வந்திருப்பது ஒரு கூத்தாடியைப் பற்றித்தான். அவர் பெயர் ஜோசபின் பேக்கர்.

1906இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். அம்மா துணி வெளுத்துப் பிழைத்த கறுப்பினப் பெண். எட்டு வயதிலேயே மகளும் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அவருக்குப் பதினொரு வயதானபோது ஆற்றுக்கு அக்கரையில் கறுப்பினத்தாரின் வீடுகளை வெள்ளையர் கும்பல் கொளுத்தியது. அந்த நெருப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பதின்மூன்றில் கல்யாணம், நிலைக்கவில்லை. ஒரு நாடகக் குழுவோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். வரிசையில் ஆடும் பெண்களில் கடைசி ஆளாக நின்று, வேண்டுமென்றே அடி தப்பி ஆடி, கண்ணை உருட்டிச் சபையைச் சிரிக்க வைத்தார்.

1925இல் பாரிஸ். அடுத்த ஆண்டே வாழைப்பழங்கள் கோத்த பாவாடையோடு ஆடிய ஆட்டம் ஐரோப்பா முழுக்கப் பேச்சானது. இன்றும் பலருக்கு அந்தப் பாவாடையைத் தாண்டி அவரைத் தெரியாது. அதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரெஞ்சு ராணுவ உளவுப் பிரிவின் அதிகாரி ழாக் அப்தே அவரைத் தேடி வந்தார். வரும்போதே அவருக்குத் தயக்கம். முதல் உலகப் போரில் மாட்டா ஹரி என்ற நடனக்காரியை உளவாளி என்று சொல்லி பிரான்ஸ் சுட்டுக்கொன்ற கதை அவருக்கு மறந்திருக்குமா? ஆனால் ஜோசபின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன்னை ஆளாக்கிய நாட்டுக்கு உயிரையும் தருவதாகச் சொன்னார்.

1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஊரே வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தபோது எல்லை தாண்டிப் போக யாருக்கு முகாந்திரம் இருந்தது? நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்ட கலைஞருக்கு இருந்தது! அவர் போர்த்துக்கலின் லிஸ்பனுக்குக் கிளம்பினார். அவருடைய செயலாளர் என்று பொய்ப் பத்திரத்தோடு கூடவே போனவர் அதே அப்தே. ஜெர்மானியப் படைகளைப் பற்றிய செய்திகள் ஜோசபினின் பாட்டுக் குறிப்புத் தாள்களில், கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதப்பட்டிருந்தன. காவலர்கள் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. நண்பர்களே, கூத்தாடி என்று எதைச் சொல்லி இகழ்ந்தார்களோ, அந்த ஊர் சுற்றும் பிழைப்புதான் அங்கே ஆயுதமானது. துப்பாக்கி பிடித்தவன் நுழைய முடியாத இடத்தில் அவர் சிரித்துக்கொண்டே நுழைந்தார்.

பிறகு வட ஆப்பிரிக்கா. காசாபிளாங்கா மருத்துவமனையில் பல மாதம் சாவோடு போராடினார். செத்தேபோய்விட்டார் என்றுகூடச் செய்தி அச்சானது. நோயாளியைப் பார்க்க வருவதுபோல் வந்தவர்கள் அந்தக் கட்டிலைச் சுற்றி ரகசியம் பேசினார்கள். எழுந்து நடக்க முடிந்ததும் அவர் போனது போர்வீரர்களின் முகாம்களுக்கு. பாலைவனத்தில் ஜீப்பில் ஊர் ஊராகப் போய், கூலி வாங்காமல் பாடினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வெள்ளை வீரர்களையும் கறுப்பு வீரர்களையும் பிரித்து உட்கார வைக்கக் கூடாது. அமெரிக்கப் படையில் அந்தப் பிரிவினையே சட்டமாக இருந்த காலம் அது! பிரெஞ்சு விடுதலைப் படையின் தலைவர் ஜெனரல் தெ கோல் பரிசாகத் தந்த தங்கச் சிலுவையையும் விடுதலைப் போராட்டத்துக்காக ஏலம் விட்டார். 1944இல் பிரெஞ்சு விமானப்படையின் மகளிர் பிரிவில் துணை லெப்டினன்ட் ஆனார்.

1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் கறுப்பினத்தாரின் உரிமைக்கான பேரணி, மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடை. ஜோசபின் பட்டுடுத்தி வரவில்லை. பிரெஞ்சு ராணுவச் சீருடையில், பதக்கங்களோடு வந்து நின்றார். அரசர்களின் மாளிகைக்குள் போக முடிந்த தன்னால், பிறந்த நாட்டின் ஓட்டலில் ஒரு காப்பி குடிக்க முடியவில்லை என்று அந்த மக்கள் கடலிடம் சொன்னார்.

பன்னிரண்டு குழந்தைகளைப் பல நாடுகளிலிருந்து தத்தெடுத்து வளர்த்தார். கடனில் வீட்டை இழந்தார். 1975 ஏப்ரல் 8ஆம் தேதி, பாரிஸ் மேடையில் தன் ஐம்பதாண்டு ஆட்டத்தைக் கொண்டாடினார். நான்கு நாள் கழித்து இறந்தார். ராணுவ மரியாதையோடு வழியனுப்பினார்கள்.

2021 நவம்பர் 30 அன்று, பிரான்ஸ் தன் பெருமக்களைப் போற்றும் பாந்தியோனுக்குள் ஜோசபினின் பெயரில் ஒரு சவப்பெட்டி போனது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். உடல் இன்றும் மொனாக்கோவில் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது அவர் வாழ்ந்த நான்கு ஊர்களின் மண். செயின்ட் லூயிஸ் மண்ணும் அதில் ஒரு பிடி. தோளில் சுமந்து சென்றவர்கள் விமானப்படை வீரர்கள்.