அந்தக் காலத்துக் குட்டித் துப்பறிவாளர்கள்

பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதை என்றால் கொள்ளை ஆசை. சரித்திரப் பாடம் என்றாலோ பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். இந்த இரண்டையும் இணைத்து இளையோருக்கு நாவல் எழுதுவது எப்படி என்பதே இன்றைய உரை.

கேரோலைன் லாரன்ஸ் என்னும் அம்மையார் 2001 முதல் 2009 வரை ஆங்கிலத்தில் இத்தகைய 17 நாவல்களை எழுதினார். கதை தொடங்குவது கி.பி. 79-ஆம் ஆண்டில், ரோமாபுரிக்கு அருகிலிருந்த ஒஸ்டியா துறைமுகத்தில். துப்பறிகிறவர்கள் நான்கு பிள்ளைகள்: கப்பல் தலைவரின் மகள் பிளேவியா, யூதச் சிறுவன் ஜொனத்தன், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைச் சிறுமி நூபியா, நாக்கு அறுக்கப்பட்ட பிச்சைக்காரச் சிறுவன் லூப்பஸ்.

நூபியாவைப் பிளேவியா தன் பிறந்தநாள் பணத்தைக் கொடுத்து வாங்குகிறாள்! மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய கொடுமையைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்கிறார் ஆசிரியர். பேச முடியாத லூப்பஸோ எழுத்துக் கற்று, தான் கண்டதை மெழுகுப் பலகையில் எழுதிக் காட்டுகிறான். கல்வி அவனுக்கு வாயாகிறது.

இவ்வகை நாவலுக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. திருடனைக் கற்பனை செய்யலாம். காலத்தைக் கற்பனை செய்யக் கூடாது. இரண்டாவது நாவலில் வெசுவியஸ் எரிமலை வெடிக்கிறது. அது கி.பி. 79-இல் உண்மையாகவே நடந்தது. அப்போது 17 வயதினராக இருந்த பிளினி என்பவர், தாம் கண்டதைப் பின்னாளில் கடிதங்களாக எழுதிவைத்தார். அவை இன்றும் உள்ளன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1943-இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரவில் ஒட்டுப்பால் களவு போகிறது என்று கதை கட்டுவோம். "ஆறு மணிக்கு ஆளைப் பார்த்தேன்" என்கிறார் ஒருவர். எந்த ஆறு மணி? ஜப்பானியர் 1942-இல் மலாயாக் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். அவர் சொன்னது பழைய கணக்கா, புதிய கணக்கா என்று கண்டுபிடித்தால் துப்புத் துலங்கிவிடும் அல்லவா?

அதே ஆண்டுகளில்தான் நம் தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். காணாமற்போன தகப்பனைத் தேடும் ஒரு பிள்ளையின் கதைக்கு இதைவிட உண்மையான களம் வேண்டுமா?

பெற்றோர்களே, வீட்டிலுள்ள பெரியவர்கள் தம் தாய் தந்தையரிடம் கேட்டவற்றைச் சொல்லும்போது, பிள்ளைகளை அருகில் உட்காரவையுங்கள். பெயர், ஊர், ஆண்டு, செய்த வேலை, வாங்கிய கூலி எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதை எழுத விரும்பும் பிள்ளைக்கு முதல் துப்பு அதில் கிடைக்கும்.