மணியோடு மலையேறப் போகிறோம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்புக்குப் பத்து நிமிடம் தந்து, பழைய நினைவுகளைப் பேசச் சொன்னார்கள். அதை மற்ற வகுப்புகள் நன்றாகவே பேசிவிட்டன. நாங்கள் வருகிற பெப்ரவரியில் போகவிருக்கும் ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். ஐந்து பேர், ஒரு வான், ஒரு நாய். பாறை ஏறப் போகிறோம். சிரிக்காதீர்கள். ஐவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது எங்களுக்கும் தெரியும்.

பாறை எங்களுக்குப் புதிதல்ல. நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டங்களிலும் தெமோதரைப் பக்கத்திலும் பிறந்தவர்கள் நாங்கள். அம்மாமார் இடுப்பில் படங்கு கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, வெறுங்காலோடு ஈரப்பாறையில் ஏறிக் கொழுந்தெடுத்ததைப் பார்த்து வளர்ந்தோம். அதை மலையேற்றம் என்று யாரும் சொல்லவில்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் போட்டார்கள். 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அங்கே ஏறிய முதல் இலங்கையர் ஒரு பெண். டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் முறையாகக் கற்றவர். நமக்கும் ஒரு பாறையாவது முறையாக ஏறத் தெரிய வேண்டும் என்ற ஆசை அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான் எங்களுக்கு வந்தது.

இனி மணியைப் பற்றி. மணி எங்களில் ஒருத்தியின் நாய். அவளுடைய வீட்டுக்காரர் காலமாகி மூன்று வருஷம். பிள்ளைகள் கொழும்பில். வீட்டில் அவளும் மணியும்தான். மணியை விட்டுவிட்டு வா என்றால் அவள் வரமாட்டாள்.

போன வருஷம் எல்லக் குன்றுக்குப் போனபோது மணியையும் கூட்டிப்போனோம். அங்கே போகிற பாதை கொஞ்சத் தூரம் புகையிரதத் தண்டவாளத்தோடு போகிறது. மணியின் கழுத்தில் கட்டியிருந்தது சாக்குக் கட்டும் சணல் கயிறு. வளைவுக்கு அப்பால் ரயில் சத்தம் கேட்டதும் மணி மிரண்டு இழுத்தது, கயிறு அறுந்தது. மணி தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றது. இவள் பின்னாலேயே ஓடினாள். ரயில் ஊதிக்கொண்டே வந்தது. நாங்கள் கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. ரயில் போன பிறகு பார்த்தால், அவள் கானுக்குள் மணிக்கட்டு முறிந்து கிடக்கிறாள். மணி மறுபக்கத்தில் நின்று வாலை ஆட்டுகிறது.

பிழை முழுக்க எங்களுடையது. ஆசைப்பட்டுப் புறப்பட்டோமே தவிர, உட்கார்ந்து யோசிக்கவில்லை. மணியை இனிக் கூட்டிப்போவதில்லை என்று நாலு பேர் சொன்னோம். அப்படியென்றால் ஐந்து பேரும் போக முடியாது. கடைசியில், மணி போகக்கூடிய இடங்களை முதலில் எழுதி, அதற்குள் எங்கள் பயணத்தை அடக்கினோம்.

ஹோட்டன் சமவெளி முதலிலேயே வெட்டுப்பட்டது. அது தேசியப் பூங்கா, நாய்க்கு இடமில்லை. அது நியாயமும்கூட, வீட்டு நாயின் நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். தண்டவாளத்தோடு போகும் எல்லக் குன்றும் வேண்டாம். முதல் நாள் ஹப்புத்தளை. தம்பேதன்னத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் இருக்கை வரை தேயிலைக்குள் தோட்டத்து ரோட்டிலேயே நடக்கலாம். லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அது. விடியற்காலையில் ஏறினால் மூடுபனி வருமுன் மேலே போய்விடலாம்.

அன்று பின்னேரம் பெரகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்குவோம். ஏறுவதற்கு அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை லயங்களை மண் மூடியது. எங்களில் ஒருத்தியின் உறவினர் அங்கே இருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவோம். மழை குறைந்த பெப்ரவரியைத் தெரிந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வான் பதுளையை விட்டு நகராது. ஜூலை, ஆகஸ்டில் காற்றும் பத்தனைத் தீயும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அந்த வறண்ட காற்று பாறையில் நிற்பவருக்கு உதவாது.

இரண்டாம் நாள் எல்லப் பக்கம், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு, அடியில் தட்டை நிலமுள்ள ஒரு சிறு பாறை. கயிற்றைப் பற்றி இப்போதுதான் கற்றோம். பாறை ஏறும் கயிறு சற்று இழுபட்டு, விழுபவரின் விசையைத் தான் வாங்கிக்கொள்ளும். லொறியில் சாமான் கட்டும் கயிறு அப்படி இழுபடாது. அந்த அடி முதுகெலும்புக்கு வரும். கீழே நின்று கயிறு பிடிப்பவர் கையை எடுக்கவே கூடாது. தலைக்கவசம் கீழே நிற்பவருக்கும் வேண்டும், கல் உருளும்.

எங்களுக்கு உள்ள பெரிய பயம் குளவிதான். மலைக்குப் போன அம்மாவைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன வீடுகள் இந்த மண்டபத்திலேயே எத்தனை இருக்கும்! உயரப் பாறைகளில் பெருந்தேனீக் கூடுகளும் தொங்கும். பம்பரகந்த என்ற பெயரிலேயே அந்தத் தேனீ இருக்கிறது. அதனால் வாசனைப் பூச்சு இல்லை, கூச்சல் இல்லை, கூடு தெரிந்தால் அந்தப் பாறையே இல்லை. கலைந்தால் கையை வீசாமல் ஓட வேண்டும். கட்டிப்போட்ட நாய் ஓட முடியாது. ஆகவே மணியை மரத்தில் கட்டக் கூடாது. ஒருவர் பிடித்துக்கொண்டு, பாறையடியை விட்டுத் தள்ளி, நிழலில் இருக்க வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று, அட்டை பையில் இருக்கிறது. யாரையாவது கடித்தால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. மணிக்குத் தனித் தண்ணீர். வெயிலில் நிற்கும் வானுக்குள் ஐந்து நிமிடம்கூட விடுவதில்லை. வெயிலேறிய பாறையில் நடத்துவதில்லை, பாதம் வெந்துவிடும். மாலையில் உண்ணியும் அட்டையும் பார்க்க வேண்டும், எங்கள் கால்களிலும்தான். இருட்டினால் மணி வெளியே இல்லை. தேயிலைக்குள் சிறுத்தை வரும், அதற்கு நாய் பிடித்தமான இரை. வலுவான தோல்பட்டியும் வாங்கிவிட்டோம். சணல் கயிறு அடுப்புக்குப் போய்விட்டது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஒருத்தி ஏறுவாள், ஒருத்தி வழிகாட்டியோடு கயிறு பிடிப்பாள், ஒருத்தி கூடு பார்ப்பாள், ஒருத்தி அடுத்து ஏற ஆயத்தமாக நிற்பாள். மணிக்குச் சொந்தக்காரியின் மணிக்கட்டு பொருந்திவிட்டது, ஆனால் இழுப்பைத் தாங்காது. வானில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாய்க்குப் பயமில்லாத, கை வலுவுள்ள அக்காவோ தங்கையோ இருந்தால், தேநீர் நேரத்தில் எங்களிடம் வாருங்கள். மணி வெளியே வேப்பமர நிழலில்தான் இருக்கிறது, முதலில் அதனோடு பழகிப் பாருங்கள்.