சாந்தோம் போகிறவர்கள் காண வேண்டியது

(ஜூலை 3, திருத்தூதர் புனித தோமா பெருவிழாவையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



இந்த நாள்களில் ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் திருப்பயண வேன்கள் சென்னைக்குப் புறப்படுகின்றன. விடியுமுன் கிளம்பி, புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு, பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்காகக் கொஞ்ச நேரம் கடற்கரையிலும் நின்றுவிட்டு இரவோடு இரவாகத் திரும்புகிறோம். போக 180 கிலோமீட்டர், வர 180 கிலோமீட்டர். இத்தனை தூரம் போய் எதைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்பதே இன்றைய சிந்தனை. போய் வந்தவர்களும், போகப் போகிறவர்களும், போக வசதியில்லாமல் இந்த வானொலிக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர்களும் என்னோடு சேர்ந்து ஒருமுறை சாந்தோம் பேராலயத்தைச் சுற்றி வாருங்கள்.

நம்மை அழைத்துப் போகும் வழிகாட்டி முதலில் வெளியே நிறுத்துவார். "அண்ணாந்து பாருங்கள்" என்பார். வெள்ளைவெளேர் என்று கோபுரம். சுமார் 155 அடி உயரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே ஒரு கோவில் கட்டினார்கள். அது பழுதானபின், 1893இல் புதிதாகக் கட்டத் தொடங்கி, 1896இல் அருட்பொழிவு செய்த கோவில்தான் இன்று நாம் காண்பது. 1956இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். பசிலிக்கா என்பது, சிறப்புடைய கோவில்களுக்குத் திருத்தந்தை வழங்கும் பட்டம்.

திருத்தூதர் ஒருவரின் கல்லறைமேல் எழுந்த கோவில் உலகத்திலேயே மூன்றுதான் என்றும் வழிகாட்டிகள் சொல்வதுண்டு: உரோமையில் புனித பேதுரு, ஸ்பெயினில் புனித யாக்கோபு, சென்னையில் புனித தோமா. உரோமையிலேயே புனித பவுலின் கல்லறைமேலும் ஒரு பெருங்கோவில் இருக்கிறது. எண்ணிக்கைக்காக நாம் சண்டை போட வேண்டாம். தோமா நம்மவர். அந்தப் பெருமை நமக்குப் போதும்.

நம் வேலூர் மறைமாவட்டத்துக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. 1952ஆம் ஆண்டு வரை நாமும் சென்னை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம். அதனால் சாந்தோம் நமக்குத் தாய்வீடு. தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை, உள்ளறை வரைக்கும் போவார்கள். நாமும் உள்ளே போவோம்.

கோவிலுக்குள் மயிலை மாதாவின் மரச்சுரூபம் இருக்கிறது. 1545இல் புனித சவேரியார் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கியபோது இந்த மாதாவின் முன் செபித்ததாக மரபு சொல்கிறது. அடுத்த நாடுகளுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்த சவேரியார், தோமாவின் கல்லறை அருகே செபித்துத் தெளிவு பெற்றுக் கிழக்கே கப்பலேறினார். 1986 பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து செபித்தார். அவர் வந்ததைச் சொல்லும்போது எல்லா வழிகாட்டிகளின் குரலும் கொஞ்சம் உயரும். உயரட்டும், நியாயம்தான்.

பிறகு வண்ணக்கண்ணாடிச் சாளரத்தைக் காட்டுவார். உயிர்த்த ஆண்டவர் நிற்கிறார். தோமா அவருடைய காயத்தை நோக்கிக் கை நீட்டுகிறார். இங்கேதான் எல்லாரும் கைப்பேசியை எடுக்கிறார்கள். படம் எடுத்த கையோடு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நாம் மட்டும் இங்கே கொஞ்சம் நிற்போம்.

யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போனதும் எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். மற்றச் சீடர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்று சொன்னபோது தோமா என்ன கேட்டார்? ஒளிவீசும் முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டாரா? வானதூதர்களைக் காட்டச் சொன்னாரா? இல்லை. ஆணி துளைத்த தழும்பைக் கேட்டார், விலாக் காயத்தைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த இயேசு அடிபட்டவர். காயமில்லாமல் ஒருவர் வந்து நின்றால், அவர் வேறு யாரோ. "சந்தேகத் தோமா" என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். ஆனால், ஆண்டவரை எதைக் கொண்டு அடையாளம் காண வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாளரத்தில் கை காயத்தை நோக்கிப் போகிறது. நற்செய்தியிலோ, தோமா தொட்டார் என்று யோவான் எழுதவில்லை. இயேசு தொடச் சொல்லி அழைக்கிறார். தோமா அவரைத் தம் ஆண்டவர் என்றும் தம் கடவுள் என்றும் அறிக்கையிடுகிறார். இடையில் கை பட்டதா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. அழைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த அழைப்பு நமக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டால் தவறில்லை.

சரி, இப்போது கீழே இறங்குவோம். அண்ணாந்து பார்த்தது போதும். சாந்தோமின் இதயம் கீழேதான் இருக்கிறது. கல்லறைச் சிற்றாலயத்துக்குப் போக வெளியிலிருந்தே தனி வழி உண்டு. படியிறங்கிப் போனால் குளிர்ந்த, தாழ்வான ஓர் அறை. இங்கேதான் தோமா அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம் திருச்சபையின் நெடுநாள் மரபு. கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கி, நற்செய்தி அறிவித்து, கி.பி. 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்நீத்தார் என்று அந்த மரபு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம் மக்களும் இங்கே வந்து வணங்கினார்கள் என்றும், நோயாளிகளுக்குக் கொடுப்பதற்காக இந்த இடத்து மண்ணை எடுத்துப் போனார்கள் என்றும் குறித்திருக்கிறார். ஒரே தெருவில் முஸ்லிம் சகோதரர்களோடு வாழும் ஆம்பூர்க்காரர்களுக்கும் மேல்விஷாரத்துக்காரர்களுக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

கல்லறையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். தோமாவின் எலும்புகளில் பெரும்பகுதி பழங்காலத்திலேயே எதெசா நகருக்குப் போய்விட்டது. பின்பு கியோஸ் தீவுக்குப் போய், 1258இல் அங்கிருந்து இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்குப் போய்ச் சேர்ந்தது. நமக்கு மிஞ்சியது சிறு எலும்புத் துண்டும், அவரைக் குத்தியதாகப் போற்றப்படும் ஈட்டியின் முனையும்தான். 155 அடிக் கோபுரத்துக்கு அடியில் இருப்பது அவ்வளவே. தம் ஆண்டவரின் காயத்தைத் தேடியவர், கடைசியில் அதே போன்ற காயத்தோடு மண்ணுக்குள் போனார். அந்தக் காயத்தின்மேல்தான் கோவில் எழுந்தது.

வழிகாட்டி இத்தோடு முடித்துக்கொள்வார். நாமும் வேனில் ஏறிவிடுவோம். வாலாஜா தாண்டி, வேலூர் தாண்டி, ஆம்பூர் நெருங்கும்போது காற்றில் தோல் வாடை வரும். வெளியூர்க்காரர்கள் பேருந்துக் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். நமக்கு அது வீடு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். திருப்பயணத்தின் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். அங்கே சுற்றிக் காட்ட எந்த வழிகாட்டியும் வரமாட்டார்.

உப்புப் போட்டு வந்த பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, டிரம்மில் சுற்றிப் பதனிடுகிற வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தாத்தாக்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. சுண்ணாம்பு அரித்த விரல்களும், குரோம் பட்டுச் சீக்கிரம் ஆறாத புண்களும் நம் வீடுகளில் உண்டு. நற்கருணை வாங்க நீளும் கைகளைப் பார்த்தே எந்த வேலை என்று சொல்லிவிடலாம். ஷூ கம்பெனிப் பேருந்துக்காக இருட்டோடு எழுந்து சமைத்துவிட்டு ஓடும் நம் சகோதரிகள், நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்து, கழுத்து வலியோடு வீடு திரும்புகிறார்கள். பாலாற்றங்கரையில் எத்தனையோ கிணறுகள் உவர்ந்து போயின. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தின் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இந்தத் தொழிலைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், நம் கோவிலின் காணிக்கையும் இந்தக் கூலியிலிருந்துதான் வருகின்றன. அதனால்தான் இதைக் கோவிலிலும் பேச வேண்டியிருக்கிறது.

2015 சனவரி 31ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து விழுந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி, தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் கல்லறைமேல் யாரும் கோபுரம் கட்டவில்லை. ஆனால் சாந்தோமின் கீழறையில் முழங்காலில் நின்ற நமக்கு, அந்தச் சேற்றையும் திரும்பிப் பார்க்கும் கடமை இருக்கிறது. தம் கைகளிலும் விலாவிலும் காயத்தோடு நின்று, தொட்டுப் பார் என்று அழைத்தவர் அங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

எனவே, அன்புக்குரியவர்களே, சாந்தோம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கோபுரத்தைப் படம் பிடியுங்கள், தவறில்லை. ஆனால் கல்லறை அறையில் பத்து நிமிடம் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த காயம்பட்ட ஒருவருடைய பெயரைச் சொல்லி அங்கே செபியுங்கள். பெயர் தெரியாவிட்டால், ஊர் திரும்பியதும் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களே, மேஸ்திரிகளே, ஒப்பந்தக்காரர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். விஷவாயு இருக்கிறதா என்று சோதிக்காமல், இடுப்பில் கயிறு இல்லாமல், மேலே ஆள் நிற்காமல் எந்த மனிதரையும் கழிவுத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். "ஐந்து நிமிட வேலைதான்" என்று சொல்லி இறக்கிவிட்டவர்கள் திரும்பி வராமல் போனதை இந்தப் பகுதி கண்டிருக்கிறது. உங்களிடம் வேலை செய்கிறவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். அதுவும் காயத்தைத் தொடுவதுதான்.

வடமாநிலத்திலிருந்து வந்து, ஓர் அறையில் எட்டுப் பேர் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் உங்கள் தெருவில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். தோமா இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கும் நம் மொழி தெரியாது. காய்ச்சல் என்றால் எந்த மருத்துவமனைக்குப் போவது, சம்பளம் தராவிட்டால் யாரிடம் சொல்வது என்று காட்டிக்கொடுக்க ஒரு மனிதர் இருந்தால் அவர்களுக்குப் பெரிய பலம்.

கடைசியாக நம் கோவில்கள். இரவு ஷிப்டு முடிந்து, உடையில் தோல் வாடையோடு நேரே திருப்பலிக்கு வந்து, கதவோரத்திலேயே நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் நகர்ந்து இடம் கொடுங்கள். பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அமைதியை அறிவிக்கும் நேரத்தில் தள்ளி நின்று கும்பிடாமல், அந்தக் கைகளைப் பிடித்து வாழ்த்துங்கள். அந்தத் தழும்புகள் உங்கள் உள்ளங்கையில் படட்டும். சாந்தோம் சாளரத்தில் காயத்தை நோக்கி நீளும் தோமாவின் கையை அப்போது புரிந்துகொள்வீர்கள்.

செபிப்போம்.

காயங்களோடு உயிர்த்த ஆண்டவரே, எங்கள் தந்தையாகிய தோமா உம் தழும்புகளைக் கேட்டபோது நீர் அவர்மீது கோபப்படவில்லை, அருகில் வரச் சொன்னீர். எங்களையும் அருகில் வரச் செய்யும். தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உழைக்கும் கைகளைப் பாதுகாத்தருளும். வேலைக்குப் போய் வீடு திரும்பாதவர்களை உமது இல்லத்தில் சேர்த்துக்கொள்ளும். அவர்களுடைய குடும்பங்களை நாங்கள் மறவாதிருக்கச் செய்யும். பாலாற்றில் மறுபடியும் நல்ல நீர் ஓட, வேண்டியதைச் செய்யும் மனத்தை எங்களுக்குத் தாரும். புனித தோமாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆமென்.