கேலன் கணக்கில் வந்த வம்பு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் காமர்ஸ் படித்தவன், என்ஜினியர் இல்லை. ஆனாலும் நம் சம்ப் விஷயத்தில் நடந்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் நானே பேசுகிறேன் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் சம்ப்பைச் சுத்தம் செய்து, காலியாக இருந்தபோது 12,000 லிட்டர் லாரி வந்தது. நம் கட்டட வரைபடம் பழசு. அதில் சம்ப் கொள்ளளவு 3,000 கேலன் என்று போட்டிருக்கிறது. போனில் தேடினேன்; ஒரு கேலன் 3.785 லிட்டர் என்று வந்தது. பெருக்கினால் 11,355. அப்படியானால் 12,000 லிட்டர் ஊற்றினால் வழிய வேண்டுமே! வழியவில்லை. மேலே எட்டரை அங்குலம் காலியாக இருந்தது. லாரியில் 2,000 லிட்டர் குறைகிறது என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கமிட்டியும் இரண்டு லோடு பணத்தை நிறுத்திவிட்டது. டிரைவர் தம்பி, "சார், டேங்க்ல ஏறிப் பாருங்க" என்றார். யார் கேட்டோம்?

பத்து நாள் கழித்து, தூக்கம் வராத ஒரு இரவில்தான் பொறி தட்டியது. வங்கியில் "டாலர்" என்று யாராவது வந்தால், "அமெரிக்க டாலரா, சிங்கப்பூர் டாலரா?" என்று கேட்காமல் பேனாவையே எடுக்க மாட்டேன். கேலனிலும் இரண்டு உண்டு. 3.785 லிட்டர் அமெரிக்க கேலன். பழைய ஆங்கிலேய ஒயின் கேலனை அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தோ 1824-இல் சட்டம் போட்டு, பத்து பவுண்டு தண்ணீர் கொள்வதே ஒரு கேலன் என்று மாற்றிவிட்டது. அது 4.546 லிட்டர். நம் நாட்டில் புழங்கியது இதுதான். 1956-லேயே மெட்ரிக் சட்டம் வந்தும், கொத்தனார் வாயில் இன்றும் அடியும் அங்குலமும்தான். படியில் மட்டும் என்ன வாழ்ந்தது, சின்னப்படி பெரியபடி என்று ஊருக்கு ஒன்று!

3,000-ஐ 4.546-ஆல் பெருக்குங்கள்: 13,638 லிட்டர். மறுநாள் டேப் வைத்து அளந்தோம். நீளம் 10 அடி, அகலம் 8, ஆழம் 6. ஆக 480 கன அடி. ஒரு கன அடி 28.317 லிட்டர். 13,592 வருகிறது. வரைபடத்தோடு 46 லிட்டர்தான் வித்தியாசம். நம் சம்ப்பில் ஒரு அங்குலத் தண்ணீர் ஏறத்தாழ 189 லிட்டர். அன்று நின்றது ஐந்தடி மூன்றரை அங்குலம், அதாவது 63.5 அங்குலம். நீங்களே பெருக்கிப் பாருங்கள், 12,000 வந்துவிடும். லாரிக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்த 28.317-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் செம்பரம்பாக்கம் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று வருகிறதே, அது சுமார் 10,320 கோடி லிட்டர். விநாடிக்கு 100 கன அடி திறப்பு என்றால் விநாடிக்கு 2,832 லிட்டர். அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பும் சமையல் குறிப்பில் பைன்ட் என்று இருந்தாலும் இதே தகராறு: அவர்களுடையது 473 மில்லி, இங்கிலாந்துடையது 568.

நிறுத்திய பணம் திங்கட்கிழமையே கொடுத்தாயிற்று. டிரைவரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார். ஆனால் முகம் முன்போல இல்லை. அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதிய அளவுகோல் ஒன்று பம்ப் ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அடுத்த லாரி வரும்போது வாட்ச்மேனோடு யாராவது ஒருவர் இறங்கி வந்து, ஊற்றும் முன்பும் பின்பும் அளந்து நோட்டில் எழுதுங்கள். லிட்டரில் எழுதுங்கள்.